சட்டப் பட்டியலும் வகுப்பறையும்: இந்தியப் பள்ளிகளில் நரம்பியல் பன்மையுடைய குழந்தைகள்

டிஸ்லெக்சியா, ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் முதலிய நிலைகளையுடைய குழந்தைகள் இந்திய வகுப்பறைகளில் என்றும் இருந்துள்ளனர். அவர்களுக்கான கல்வி உதவியோ, சட்டம் அவர்களைப் பெயர் சுட்டி ஏற்றபோதே உரிமையாக வடிவெடுத்தது. அவ்வேற்பு படிப்படியாக நிகழ்ந்ததையும், அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் இயன்றவரை பொதுப்பள்ளிகளிலேயே பயிலவேண்டும் என்பது கோத்தாரி கல்விக்குழுவின் (1964–66) பரிந்துரை. இந்நோக்கில் 1974இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்தது. எனினும் அச்சட்டம் வகுத்த ஏழு வகைகளுள் ஆட்டிசமும் இல்லை. கற்றல் குறைபாடும் இல்லை. சென்னையில் டிஸ்லெக்சியாவுக்கெனத் தன்னார்வ அமைப்பு ஒன்று 1990களின் தொடக்கத்திலேயே இயங்கியதை நோக்க, களத்தின் அறிதல் சட்டத்திற்கு முந்தியது எனலாம்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 2012ஆம் ஆண்டுத் திருத்தம், 1995, 1999 ஆகிய இரு சட்டங்களின் வரையறைகளையும் தழுவி, அக்குழந்தைகளை 'நலிவுற்ற பிரிவினர்' என்பதில் சேர்த்தது. இதனால் ஆட்டிசமுடைய குழந்தை அவ்வரையறைக்குள் வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்படும் குழந்தை வெளியிலேயே நின்றது.

அவ்விடைவெளியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நிரப்பியது. அதன் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதனை விரைந்து கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதைப் பிரிவு 16 கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பிரிவு 17 குறிப்பிடுகிறது. ஆயினும் கவனக்குறைவு மிகையியக்கம் பட்டியலில் தனி வகையாக இடம்பெறவில்லை.

இங்கு நுட்பமான வேறுபாடு ஒன்று கருதத்தக்கது. இடஒதுக்கீடு போன்ற சலுகைகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புச் சான்றைக் கோருகின்றன. பிரிவு 16, 17 ஆகியவற்றில் அவ்வரம்பு இல்லை. நடைமுறையில் இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. 2021 பிப்ரவரியில், நாள்பட்ட நரம்பியல் நிலையால் எழுத இடர்ப்பட்ட குடிமைப்பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், எழுதுநர் உதவிக்கு 40 விழுக்காட்டு வரம்பு தேவையில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்குச் சான்றளிக்கப்பட்ட பாதிப்பு 6 விழுக்காடே.

அத்தீர்ப்பு பள்ளி குறித்ததன்று. எனினும் அதன் தருக்கம் பள்ளிக்கும் பொருந்துவது. சலுகை சான்றிதழைச் சார்ந்தது. கற்பித்தலோ குழந்தையின் தேவையைச் சார்ந்தது. பட்டியல் விரிந்த வரலாறு உரிமையின் வரலாறே. ஆனால் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் வகுப்பறை, பிரிவு 16 தன்மீது சுமத்திய கடமையை இன்னும் தொடங்கவில்லை என்பதே இவ்வாய்வின் முடிவு.