டிஜிட்டல் கேமராவில் புற ஃபிளாஷ்: பயன்பாட்டு வரம்புகள்

புற ஃபிளாஷ் என்பது கேமராவின் உடலுக்குள் அடங்காமல், அதன் உச்சியிலுள்ள ஹாட் ஷூ எனப்படும் உலோகத் தண்டவாளத்தில் செருகியோ, கம்பி அல்லது ரேடியோ டிரிகர் வழியாகத் தள்ளி நின்றோ இயங்கும் ஒளிக்கருவியாகும். ஷூவின் அளவுகளை ஐஎஸ்ஓ 518 என்னும் பன்னாட்டுத் தரம் வரையறுத்திருப்பதால் பெரும்பாலான ஃபிளாஷ்கள் பெரும்பாலான கேமராக்களில் பொருந்திவிடும். பொருந்தியதெல்லாம் ஒத்துழைக்கும் என்று நம்புவதிலிருந்தே பாதிச் சிக்கல்கள் தொடங்குகின்றன.

அவற்றுள் கேமராவையே பழுதாக்கக்கூடியது டிரிகர் மின்னழுத்தம், அதாவது ஃபிளாஷை வெடிக்கச் செய்யும் சுற்றில் ஷூவின் நடுமுனைக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையே நிற்கும் மின்னழுத்தமாகும். ஃபிலிம் காலக் கேமராக்களில் இச்சுற்றை இயந்திர முனைகளே இணைத்ததால், விவிட்டார் 283 ஃபிளாஷின் தொடக்ககாலப் பிரதிகளைப் போல 200 வோல்ட்டைத் தாண்டியவையும் தீங்கின்றி இயங்கின. டிஜிட்டல் கேமராவில் அந்த வேலையைக் குறைகடத்திச் சுவிட்சு செய்கிறது. நிக்கான் 250 வோல்ட்டை உச்சவரம்பாகக் குறித்தாலும், தொடக்ககால டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட்டே பாதுகாப்பான எல்லையாகக் கொள்ளப்பட்டது. பழைய ஃபிளாஷை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் அடியிலுள்ள நடுப்புள்ளியிலும் மறுமுனையைப் பக்கத் தொடுமுனையிலும் வைத்து அளந்த பின்னரே கேமராவில் செருகுவது முறையாகும்.

இரண்டாவது வரம்பு ஷட்டரைச் சார்ந்தது. குவியத்தள ஷட்டரில் முதல் திரை விலகி உணரியைத் திறக்க, இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடுகிறது. உணரி முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் மிக விரைவான வேகமே சிங்க் வேகம் எனப்படும். இது பெரும்பாலும் 1/200 அல்லது 1/250 நொடியாகும். அதற்கு மேற்பட்ட வேகங்களில் இரண்டாம் திரை முன்கூட்டியே புறப்பட்டுவிடுவதால் உணரியின் மேல் ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். முழுத் திறனிலும் ஏறத்தாழ 1/1000 நொடியே நீடிக்கும் ஃபிளாஷ் ஒளி அப்பிளவில் மட்டும் விழ, படத்தின் ஒரு பகுதி கரும்பட்டையாகிவிடும். ஒலிம்பஸ் 1986-இல் எஃப்280 ஃபிளாஷில் அறிமுகப்படுத்திய உயர்வேக சிங்க், ஒளியை நுண்துடிப்புகளாக நீட்டி இதைக் கடக்கிறது; ஆயினும் திரை மறைக்கும் பகுதிகளில் விழும் ஒளி வீணாவதால் ஃபிளாஷின் எட்டும் தூரம் வெகுவாகச் சுருங்குகிறது. உச்சிவெயிலில் லென்ஸின் துளையை அகலத் திறந்து முகப்படம் எடுக்க முயல்வோருக்கு இது பெரிய இழப்பாகும். எல்லாப் புள்ளிகளையும் ஒருசேர வாசிக்கும் உணரியுடன் 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 III, 1/80000 நொடி வரை ஃபிளாஷோடு இயங்குகிறது. எனினும் அவ்வேகத்தில் ஒளிர்வு முடியுமுன்னரே பதிவு முடிந்துவிடுவதால் ஒளியின் ஒரு துணுக்கே படத்துக்குப் பயன்படுகிறது. வழக்கமான உணரிகளில் மின்னணு ஷட்டர் வரிவரியாக மெல்ல வாசிப்பதால், மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் அம்முறையில் ஃபிளாஷை இயக்குவதே இல்லை.

தானியங்கி அளவீட்டில் டிஜிட்டல் மாற்றம் பழைய ஃபிளாஷ்களைப் பெரிதும் ஒதுக்கியது. ஃபிலிம் கேமராவின் டிடிஎல் முறை, அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும் முறை, ஃபிலிமின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பதிவின்போதே அளந்து, போதுமானதும் ஃபிளாஷை நிறுத்தியது. உணரியின் பரப்பு ஃபிலிமைப் போல ஒளியைத் திருப்பாததால், பதிவுக்கு முன் சிறு ஒளிர்வை விட்டு அளக்கும் முறை நிலைபெற்றது. கேனான் 1995-இல் ஃபிலிம் கேமராவிலேயே இ-டிடிஎல் என்ற பெயரில் இதற்கு மாறியிருந்தது. நிக்கானோ 1999-இல் டி1 கேமராவுக்கு டி-டிடிஎல், 2003-இல் ஐ-டிடிஎல் என அடுத்தடுத்து மாறியதால் அதன் பயனர்களுக்கு நான்காண்டுக்குள் மீண்டும் ஃபிளாஷ் வாங்க நேர்ந்தது. முன்னொளிர்வுக்கும் ஒரு விலையுண்டு: ஒளியைக் கண்டு இயங்கும் எளிய துணை ஃபிளாஷ்கள் அதிலேயே ஏமாந்து முன்கூட்டி வெடித்துவிடும், கண்சிமிட்டும் பழக்கமுள்ளோர் இமை மூடிய நிலையில் பதிவாவர்.

நிறுவனங்களின் தொடர்புமொழிகள் தனித்தனியானவை என்பதால், ஒன்றின் ஃபிளாஷ் மற்றொன்றின் கேமராவில் நடுமுனை வழியாக வெறுமனே வெடிக்க மட்டுமே செய்யும். அந்த நடுமுனையும் உறுதியில்லை. இந்தியாவில் 200டி மார்க் II என விற்கப்பட்ட கேனானின் 2019-ஆம் ஆண்டுக் கேமராவில் அம்முனை நீக்கப்பட்டதால், அதை மட்டுமே நம்பிய மலிவு விலை ஃபிளாஷ்களும் டிரிகர்களும் அதில் செயலற்றுப்போயின.

ஒளியின் இயல்பு விதிக்கும் எல்லைகள் எந்தக் கேமராவுக்கும் பொது. ஐஎஸ்ஓ 100 ஒளியுணர்திறனில் வழிகாட்டி எண் (எட்டும் தூரத்தையும் துளை எண்ணையும் பெருக்கிய மதிப்பு) 36 கொண்ட ஃபிளாஷ், எஃப்/4 துளையில் 9 மீட்டர் வரை எட்டும். தூரம் இரட்டித்தால் விழும் ஒளி நான்கில் ஒன்றாகும். கூரையில் பட்டுத் திரும்புமாறு திருப்பினால் நிழல் மென்மையாகும். ஆனால் உயரமான கூரையுள்ள கல்யாண மண்டபத்தில் அவ்வொளி பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடும். நான்கு ஏஏ மின்கலங்களில் இயங்கும் ஃபிளாஷ் முழுத் திறனில் ஒருமுறை ஒளிர்ந்தபின் மின்தேக்கியை மீண்டும் நிரப்பச் சில நொடிகள் ஆகும் என்பதும், தொடர்ந்து ஒளிர்ந்தால் வெப்பப் பாதுகாப்புச் சுற்று அந்த இடைவெளியை மேலும் நீட்டும் என்பதும், தாலி கட்டும் கணத்தை அடுத்தடுத்துப் படமெடுப்போர் நன்கறிந்தவை.