இலங்கையின் பெயர் கொண்ட புழு



கடந்த மார்கழியில் ஊருக்குப் போய் வந்த ஒரு அம்மா, எங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய ஏழு வயதுப் பேரனின் பாதத்தில் ஒரு சிவந்த கோடு. முதல் நாள் ஓர் அங்குலம் இருந்த கோடு மறுநாள் வளைந்து நெளிந்து இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. அரிப்புத் தாங்காமல் பிள்ளை இரவிரவாக அழுகிறான். "தம்பி, பக்கத்து வீட்டுக்காரி இது கண்ணூறு எண்டு சொல்லுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். நான் கணக்காளன். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். "அம்மா, முதலில் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றேன்.

ஒரு கிழமையின் பின் அவரே மீண்டும் எடுத்தார். அது நாயின் குடலில் வாழும் கொழுக்கிப் புழுவின் குஞ்சு என்று வைத்தியர் சொன்னாராம். ஊரில் கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு விளையாடியபோது தோலுக்குள் புகுந்திருக்கிறது. மருந்து கொடுத்தார், மாறிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "நாங்கள் எல்லாரும் வெறுங்காலோடைதானே வளர்ந்தனாங்கள். நாயும் முற்றத்திலைதானே கிடந்தது. எங்களுக்கு ஏன் ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த மாத உரை உருவானது.

முதலில் புழுவின் பிழைப்பைப் பார்ப்போம். கொழுக்கிப் புழு ஒரு சென்ரிமீற்றர் அளவே நீளமுள்ளது. குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். சூடும் ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாட்களில் முட்டை பொரித்துவிடும். ஒரு கிழமை அளவில் குஞ்சு தோலைத் துளைக்கும் வலிமை பெறும். பிறகு கால் விரல் இடுக்கால் உள்ளே போய், இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். நாய்க்குட்டிகளுக்கு நாய்க் கொழுக்கிப் புழு தாய்ப்பாலோடும் போகிறது. எங்கள் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டால் இரண்டுதான் தப்பும். மற்றவை முரசு வெளிறி, சோர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்துப் போகும். "குட்டிகளுக்குச் சோகை" என்று ஆச்சி சொல்லுவா. அவ சொன்னது சரிதான். இரத்தத்தைக் குடித்தது எது என்பது மட்டும் அவவுக்குத் தெரியாது.

நாயின் கொழுக்கிப் புழுக்களில் சில இனங்கள் வழி தவறி மனிதத் தோலுக்குள் வந்தால் அங்கேயே ஊர்ந்து திரிந்து செத்துவிடும். அந்தப் பேரனின் காலில் கண்ட கோடு அதுதான். ஆனால் நாயிலும் பூனையிலும் வாழும் ஓர் இனம் மட்டும் மனிதக் குடல் வரை வந்து, முழுப் புழுவாக வளர்ந்து, எங்கள் இரத்தத்தையும் குடிக்கும். அதன் விஞ்ஞானப் பெயர் அன்சைலொஸ்டோமா செய்லானிக்கம். 'செய்லானிக்கம்' என்றால் சிலோனுக்கு உரியது. ஆம் நேயர்களே, எங்கள் நாட்டின் பழைய பெயர் ஒரு புழுவுக்கும் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பெயரை வைத்தவர் எகிப்தின் கெய்ரோவில் பணிபுரிந்த ஜேர்மன் விலங்கியலாளர் ஆர்தர் லூஸ். கொழுக்கிப் புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது என்பதை உலகுக்குச் சொன்னவரும் அவரே. குஞ்சுகள் நிறைந்த நீர்த்துளி ஒன்று தவறித் தன் கையில் விழ, அந்த இடம் சிவந்து அரித்ததைப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். 1911இல், இலங்கையின் மரநாய் ஒன்றில் இருந்து எடுக்கப்பட்ட புழுவை அவர் புதிய இனம் என்று விவரித்தார். 1913இல் கிளேற்றன் லேன் என்ற வைத்தியர் வங்காளத்தில் அதே புழுவை மனிதரின் குடலிலும் கண்டு எழுதினார். ஆகவே விலங்கின் புழு மனிதருக்கும் வரும் என்ற செய்தி நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது.

பிறகு அந்தச் செய்தி எங்கே போனது? அது பிரேசிலில் 1910இல் விவரிக்கப்பட்ட இன்னொரு புழுவேதான் என்று சில ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். இரண்டு பெயர்களும் ஒன்றாக்கப்பட்டன. 1951இல் இத்தாலிய ஆய்வாளர் எத்தோரே பியோக்கா இரண்டும் வேறு என்று மீண்டும் பிரித்துக் காட்டும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சிலோன் புழு ஏட்டில் தன் சொந்தப் பெயரில் இல்லை. கணக்கியலில் இப்படி நடந்தால், இரண்டு கடன்காரரை ஒரே பேரேட்டில் எழுதிவிட்டார்கள் என்று சொல்லுவோம்.

அந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான் இலங்கையில் கொழுக்கிப் புழுவுக்கு எதிரான பெரும் போர் நடந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைகளின் சோர்வுக்குக் காரணம் கொழுக்கிப் புழு என்று தெரிந்ததும், 1909இல் ஜோன் டி. ரொக்கபெல்லர் அதை ஒழிக்க பத்து லட்சம் டொலர் கொடுத்தார். 1913இல் அந்த வேலை அமெரிக்காவுக்கு வெளியேயும் விரிந்தது. 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தினர் மாத்தளைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கினார்கள். சோதித்த தோட்டத் தொழிலாளர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் மலையக உறவுகள்தான் அவர்கள். கெனோப்போடியம் என்ற காரமான எண்ணெயைக் கொடுத்துப் பேதியாக்கினார்கள். புழுக்கள் விழுந்தன. ஆனால் லயன்களில் மலசலகூடம் இல்லை. ஆட்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு மீண்டும் இறங்கினார்கள். புழு மீண்டும் வந்தது.

இங்கே கணக்காளன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மருந்து என்பது வருமானச் செலவு, ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். மலசலகூடம் மூலதனச் செலவு. அதையும் நிறுவனத்தினர் வலியுறுத்தினார்கள். தோட்டத் துரைமார் பலர் முதலாவதைச் சகித்தார்கள், இரண்டாவதற்குக் கையை இழுத்துக்கொண்டார்கள். பழியையோ தொழிலாளி மீது போட்டார்கள். நோயைக் கப்பலில் கொண்டுவந்தவன் கூலி, சுத்தம் தெரியாதவன் கூலி என்றார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தாரும் அந்தப் பேச்சை வாங்கித் திருப்பிச் சொன்னோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீதியாகச் சொன்னால், அந்தத் தொழிலாளர்களின் உடம்பில் இருந்த புழுக்களில் பெரும்பகுதி மனிதரில் இருந்து மனிதருக்கே பரவும் வேறு இனம்தான். நாயின் பங்கு எவ்வளவு என்று அன்று யாரும் எண்ணவில்லை. எண்ணவும் இயலாது. நுணுக்குக்காட்டியில் எல்லாக் கொழுக்கிப் புழுக்களின் முட்டையும் ஒரே மாதிரித்தான் தெரியும். லயன் வாசலில் படுத்திருந்த நாய் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1921இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மொரிஸ் ஹோல் என்ற மிருக வைத்திய ஆய்வாளர், காபன் ரெட்ராகுளோரைட் என்ற திரவம் நாய்களின் கொழுக்கிப் புழுக்களை அடியோடு விழுத்துகிறது என்று கண்டுபிடித்தார். தானும் ஒரு முறை குடித்துப் பார்த்தார். அடுத்த ஆண்டே, இலங்கையில் மனிதருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த நிக்கல்ஸ், ஹம்ப்டன் ஆகிய இருவரின் கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. தீயணைப்புக் கருவிகளிலும் துணி வெளுக்கும் கடைகளிலும் பயன்பட்ட திரவம் அது. ஈரலைக் கெடுக்கும் என்று தெரிந்து பிற்பாடு கைவிட்டார்கள். நாயில் சோதித்த மருந்து இலங்கை மனிதருக்கு வந்தது. இலங்கை நாய்க்கு மட்டும் வரவில்லை.

1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. மலசலகூடம், தாய் சேய் நலம், தடுப்பூசி என்று ஊர் ஊராகச் செய்த அந்த வேலைதான் மருந்துப் போத்தலை விட அதிக நன்மை தந்தது என்பது என் எண்ணம்.

இனி மண்டபத்துக்கு வருவோம். எங்களில் பலருக்கு அந்தப் பெயரைச் சொல்ல விளக்கம் தேவையில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், தோட்டங்களுக்குப் போகிறவர்களை இலங்கை அரசு மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்துத்தான் அனுப்பியது. அம்மை குத்தினார்கள், உடுப்புகளை அவித்தார்கள், கொழுக்கிப் புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழியால் திருப்பி அனுப்பப்பட்டு அதே மண்டபத்தில் இறங்கினார்கள். 1983இன் பின் நாங்கள் இறங்கினோம்.

நான் 1990 ஆவணியில் மன்னார்க் கரையில் இருந்து படகேறி அங்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு காலை பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற மலையகத்து முதியவர் ஒருவர், எண்பத்து மூன்று கலவரத்தின் பின் வவுனியாப் பக்கம் வந்து குடியேறி அங்கிருந்து மீண்டும் ஓடி வந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்க தாத்தாவுக்கும் இங்கதான் மருந்து ஊத்துனாங்களாம். இப்ப உங்க ஆளுங்களுக்கும் குடுக்குறாங்க." அன்று எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அழுக்கு என்று நாங்கள் ஒதுக்கியவர்களின் வரிசையில் நாங்களே நிற்கிறோம் என்று அவர் சொல்லாமல் சொன்னார். மாத்திரை வாங்கிய பிள்ளைகள் வெறுங்காலோடு மணலில் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நாய்களும் ஓடின.

பத்து ஆண்டுகளின் பின், அசாமின் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ரெபெக்கா ட்ரோப் என்ற மிருக வைத்தியரின் குழு 2002இல் அதை வெளியிட்டது. தொழிலாளர்களோடு சேர்த்து அவர்களுடைய 101 நாய்களையும் சோதித்தார்கள். மனிதருக்குத் தொற்றக்கூடிய குடல் ஒட்டுண்ணி ஒன்றாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களில் இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில் நாய் மனித மலத்தையும் தின்னும். அதனால் மனிதரின் வட்டப்புழு முட்டைகளையும் அது ஊரெல்லாம் கொண்டு திரியும். பின்னர் மரபணுச் சோதனை வந்தது. 2014இல் கம்போடியக் கிராமம் ஒன்றைப் பற்றி வெளிவந்த ஆய்வில், கொழுக்கிப் புழு இருந்த மனிதரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது எங்கள் சிலோன் புழு. நாய்களிலும் அதுவே நிறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து நாயை விட்டுவிட்டால் கணக்கு ஒருபோதும் சமப்படாது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் என் விடை. ஒருவரும் சொல்லாததற்குக் காரணம், ஒருவரும் நாயைப் பார்க்கவில்லை. ஒரு சாராரின் அழுக்கு என்று பழி சொல்வது எளிதாக இருந்ததால், மண்ணையும் மலசலகூடத்தையும் நாயையும் சேர்த்துப் பார்க்க நூறு ஆண்டுகள் சென்றுவிட்டன.

ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகள் இன்று ஆசையாக நாய் வளர்க்கிறார்கள். இங்கே பனிக்காலம் இந்தக் குஞ்சுகளைத் தப்ப விடாது. நாயின் மலத்தைச் சொந்தக்காரரே அள்ள வேண்டும் என்ற நகரச் சட்டமும் உண்டு. மிருக வைத்தியர் பக்கத்தில் இருக்கிறார். ஊரில் இது எதுவும் அவ்வளவு எளிதல்ல. இதே கனடாவின் வடக்கே முதற்குடி மக்களின் பல கிராமங்களிலும் மிருக வைத்தியர் இல்லை.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குச் செருப்புப் போடுங்கள். முற்றத்து நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள், குஞ்சு வலிமை பெற முன் அது மண்ணுக்குள் போய்விடட்டும். குட்டிகளுக்கு இரண்டாவது கிழமையில் இருந்தே பூச்சி மருந்து கொடுக்கலாம், அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். எங்கள் ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்த்து அனுப்புகின்றன. விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளில் நாய்களுக்குப் பூச்சி மருந்தும் கொடுக்க ஒரு சிறு தொகை ஒதுக்கலாமே. மலசலகூடம் இல்லாத வீட்டுக்கு ஒன்று கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை மூலதனச் செலவு என்றே எழுதுங்கள். மலையகத்து லயன்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், மண்டபத்து வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள்.