டெக்கரேட்டருக்கு ஆர்க்யுமென்ட் வந்த கதை

பைத்தான் படிக்கிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சாதாரண டெக்கரேட்டர் என்றால் ஃபங்ஷனுக்குள் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். அதற்கு ஆர்க்யுமென்ட் கொடுத்தால் மட்டும் மூன்று அடுக்கு! மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிடலாம். ஆனால் கதை தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

2001 டிசம்பரில் வெளியான பைத்தான் 2.2-இல் ஸ்டாடிக்மெத்தட், கிளாஸ்மெத்தட் இரண்டும் வந்தன. அப்போது @ குறி கிடையாது. கிளாஸுக்குள் மெத்தடை எழுதி முடித்துவிட்டு, அதற்குக் கீழே "கணக்கு = ஸ்டாடிக்மெத்தட்(கணக்கு)" என்று தனியாக ஒரு வரி போட வேண்டும். ஒரே பெயரை மூன்று தடவை எழுதணும். மெத்தட் நீளமாக இருந்தால், அது ஸ்டாடிக் என்பதே கடைசி வரியில்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய 2003-இல் பெப் 318 என்ற முன்மொழிவு வந்தது. என்ன குறி, எங்கே வைப்பது என்று பெரிய விவாதம். பெயருக்கும் எதிர்ப்பு இருந்தது. 1994-இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தில் டெக்கரேட்டர் என்றால் வேறு அர்த்தம். ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு ஆப்ஜெக்டால் மூடுவது. கடைசியில், 2004 நவம்பர் 30 அன்று வெளியான பைத்தான் 2.4-இல் @ குறியே நிலைத்தது.

அதன் விதி எளிது. @-க்குப் பின்னால் இருப்பதை முதலில் கணக்கிடு. கிடைப்பதிடம் கீழே உள்ள ஃபங்ஷனை மட்டும் கொடு. வேறு எதற்கும் அங்கே இடமில்லை!

அப்படியானால் "@மறுமுயற்சி(3)" என்பதில் 3 எங்கே போகும்? முதலில் மறுமுயற்சி(3) ஓடி, ஒரு டெக்கரேட்டரைத் திருப்பித் தருகிறது. அது மெத்தடை வாங்கிக்கொண்டு ஓர் உறையைத் தருகிறது. மெத்தடை அழைக்கும்போதெல்லாம் செல்ஃபோடு ஓடுவது அந்த உறைதான். மூன்று பொருள், மூன்று வேளையில் வருகின்றன. அதனால்தான் மூன்று அடுக்கு.

எங்கள் கே.ஜி.கண்டிகைக்காரர்களுக்குச் சொல்வதானால், இது கோயில் அலங்காரம் மாதிரி. சந்தனக்காப்பா, பூ அலங்காரமா என்று முதலில் முடிவு. பிறகு மூலவருக்குச் சாத்துவது. அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் தரிசனம். உள்ளே இருக்கும் சாமி மாறுவதில்லை.

டெக்கரேட்டரையே கிளாஸாக எழுதினாலும் இதே கதைதான். 3 இனிட்டுக்குப் போகும், மெத்தட் கால்-க்குப் போகும். அடைப்புக்குறியை மறந்து "@மறுமுயற்சி" என்று மட்டும் போட்டால், 3 உட்கார வேண்டிய இடத்தில் மெத்தட் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான்.

2008-இல் வந்த 2.6, கிளாஸுக்கும் டெக்கரேட்டர் போட வழி செய்தது. 2020-இல் வந்த 3.9, @-க்குப் பின்னால் எந்த எக்ஸ்பிரஷனையும் எழுதலாம் என்றது. மூன்று அடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை குழம்பினால் அந்தப் பழைய தனி வரியை எழுதிப் பாருங்கள்: "கணக்கு = மறுமுயற்சி(3)(கணக்கு)". இரண்டு அடைப்புக்குறிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாலே எல்லாம் விளங்கிவிடும்.