போத்தல் விளக்கும் ஊதா கடந்த ஒளியும்

வெளிச்சத்தின் வரலாற்றை எழுதியோரிற் பெரும்பாலோர் அதனைப் பெருநகரங்களின் வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். இலண்டனின் வாயு விளக்கு, நியூயோர்க்கின் மின்குமிழ் என்று அது நகரத்திலிருந்து நகரத்துக்குத் தாவும். ஒரு சிரங்கை எண்ணெயில் எத்தனை நாழிகை எரிக்கலாம் என்று கணக்கிட்டு வாழ்ந்த மக்களுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. வன்னிப் பெருநிலத்து மக்கள் அத்தகையோர்.

1990இல் தொடங்கி 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், வவுனியாவுக்கு வடக்கே மின் வழங்கல் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் பொன்போல் அரிதாயிற்று. கைவிளக்குக்கான மின்கலமும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்று. அந்நெருக்கடியிற் பிறந்ததே ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் பஞ்சு, அதில் ஊறிய சிறிது மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. காற்றுக்கு மறைப்பாகப் போத்தற் கண்ணாடி. இவ்வளவுதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு தலைமுறை மாணவர் இதன் அருகிலிருந்தே பரீட்சைக்குப் படித்தனர். இது எந்தத் தனிமனிதரின் பெயராலும் வழங்கவில்லை. பௌதிகக் கணக்கின்படி இது மிக மோசமான விளக்கு. எரிந்த எண்ணெயின் சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாக மாறாது. ஆயினும் குறைந்த எண்ணெயில் கூடிய நேரம் எரியவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக மக்கள் அதனைத் திருத்தித் திருத்தி அமைத்தனர். விஞ்ஞானி ‘வினைத்திறன்’ என்று சொல்வதை அவர்கள் திரியின் தடிப்பில் அறிந்திருந்தார்கள்.

அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்த 1993ஆம் ஆண்டில், யப்பானின் தொக்குஷிமா மாவட்டத்தில் இயங்கிய நிச்சியா என்னும் கம்பனி, பிரகாசமான நீல ஒளி காலும் இருவாயியை வெளியிட்டது. சிவப்பு ஒளி தரும் இருவாயி 1962இலேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் எவர் கைக்கும் பிடிபடவில்லை. அதற்கு ஏற்ற பொருள் காலியம் நைத்திரைட்டு. ஆனால் அதன் பளிங்கைப் பழுதின்றி வளர்க்க முடியாதென்று கருதி ஆராய்ச்சியாளர் பலர் அதனைக் கைவிட்டனர். நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அக்கசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் விடாது முயன்றனர். 1986இல் நீலக்கல்லின் மீது அலுமினியம் நைத்திரைட்டின் மெல்லிய படையை முதலில் இட்டு, அதன்மேல் நல்ல பளிங்கை வளர்த்தனர். நேரேற்றம் காவும் ‘துளை’கள் உள்ள படையை 1989இல் உருவாக்கிக் காட்டினர். நிச்சியாவின் பொறியியலாளர் ஷூஜி நகமுரா அந்தப் படையை வெறும் வெப்பத்தாலேயே பெறும் வழியைக் கண்டார். பிரகாசமான விளக்கும் அவர் கையிலேயே உருவாயிற்று.

இக்கண்டுபிடிப்புக்காகக் கம்பனி நகமுராவுக்கு அளித்த சன்மானம் 20,000 யென். இலாபமோ பெருவெள்ளமாகப் பாய்ந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் காணப்பட்டது. ஆரம்பத்தில் அந்த ஆராய்ச்சிக்குத் துணிந்து பணம் ஒதுக்கியவர் கம்பனியின் தாபகரே என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும், மூளை உழைப்பின் பயன் யாருக்குச் சேர்வது என்ற வினாவை இவ்வழக்கு யப்பான் முழுவதும் எழுப்பிவிட்டது. அக்கசாக்கியின் காப்புரிமை வருவாயோ அவரது பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடமாக எழுந்து நிற்கிறது. மூவருக்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நீலத்தோடு கதை நிற்கவில்லை. காலியத்தின் இடத்தில் அலுமினியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளியின் அலைநீளம் குறுகும். கண்ணுக்குப் புலப்படாத ஊதா கடந்த கதிர் பிறக்கும். 260 முதல் 280 நனோமீற்றர் வரையுள்ள கதிர் கிருமிகளின் மரபுப் பொருளைத் தாக்கி அவை பெருகாமற் செய்துவிடும். சூரிய ஒளி பற்றீரியாவைக் கொல்லும் என்பதை இங்கிலாந்தில் டவுன்சும் பிளண்டும் 1877இலேயே காட்டினர். 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் இரசவாவி விளக்கினால் குடிநீரைச் சுத்திகரித்துப் பார்த்தனர். நம் அயலிலும் ஒரு முயற்சி உண்டு. 1992–93இல் இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் புதுவகை வாந்திபேதி பரவி மக்களை மாய்த்தபோது, மும்பாயிற் பிறந்த அசோக் காட்கில் என்ற பௌதிக அறிஞர், 60 வாற்று அளவு மின்னில் நிமிடத்துக்கு 15 இலீற்றர் நீரைக் கிருமியற்றதாக்கும் எளிய கருவியொன்றை அமைத்தார்.

அக்கருவியின் இதயமும் இரச விளக்கே. மின்னில் மூன்றிலொரு பங்களவு ஊதா கடந்த கதிராக மாற்றும் ஆற்றல் இரச விளக்குக்கு உண்டு. ஆனால் அது உடையும். உடைந்தால் இரசம் சிந்தும். இரசத்தின் கொடுமைக்கு மினமாட்டாவின் மீனவக் குடும்பங்கள் சாட்சி. இரசத்தை ஒழிப்பதற்கென 2013இற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. இருவாயியில் இரசமில்லை, சூரியத் தகட்டின் சிறு மின்னழுத்தத்திலேயே அது இயங்கும், ஆளியைப் போட்ட கணத்திலேயே ஒளிரும். அதன் குறை ஒன்றே ஒன்று: வினைத்திறன்.

அக்குறைக்குக் காரணம் மூன்று இடங்களில் நிகழும் கசிவு. நீலக்கல்லின் அணு ஒழுங்கும் நைத்திரைட்டின் அணு ஒழுங்கும் பொருந்தாமையால், பளிங்கில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட பிசகுகள் தோன்றும். அவற்றிற் சிக்கும் இலத்திரன் ஒளி தராமல் வெப்பமாகி ஒழியும். நீல இருவாயி இதனை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அலுமினியம் மிகுந்தது பொறுப்பதில்லை. அடுத்தது துளைப் பஞ்சம். மகனீசியத்தைக் கலந்து துளைகளைப் பெறுவது வழக்கம். அலுமினியம் கூடும்தோறும் அவை விடுபட மறுக்கும். மூன்றாவதுதான் எரிச்சலூட்டுவது: அரும்பாடுபட்டுப் பிறந்த ஒளியை, மின்னூட்டுவதற்கென இட்ட மேற்படையே விழுங்கிவிடும். வயலுக்கு விட்ட நீரை வாய்க்காலே குடித்துவிட்டாற்போல.

இம்மூன்றையும் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். 2016இல் மியே பல்கலைக்கழகத்தினர் அலுமினியம் நைத்திரைட்டுப் படையை 1,700 பாகை அளவு வெப்பத்திற் பதப்படுத்திப் பிசகுகளைப் பெரிதும் குறைத்தனர். 2017இல் ரிக்கென் நிறுவனமும் பனசோனிக் கம்பனியும் சேர்ந்து, ஒளியை விழுங்காத மேற்படையையும் தெறிப்பிக்கும் மின்வாயையும் அமைத்து, 275 நனோமீற்றரில் 20.3 சதவீதத்தை எட்டின. அதாவது நூறு இலத்திரன் பாய்ந்தால் ஏறக்குறைய இருபது ஒளித்துணிக்கை வெளிவரும். இது ஆய்வுகூடத்துச் சாதனை. கடைக்கு வரும் இருவாயிகள் மின்சக்தியில் நூற்றில் சில பங்கையே கதிராக்குகின்றன.

இதனால் வன்னிக்கு என்ன என்று கேட்கலாம். 2009இல் மெனிக்பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது, தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களிடையே வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் பரவின. கிளிநொச்சியின் தண்ணீர்த் தாங்கியோ போரில் வீழ்த்தப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. அதனைப் பார்ப்பதற்குப் பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள்! மாரி மழையில் கிணறு நிறையும்போது மலக்குழியின் கசிவும் கூடவே வந்து சேரும் என்பதைக் கிராமத்து ஆசிரியர் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். வவுனியாவின் விவசாயக் குடும்பங்களை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இக்கதிர் மருந்தன்று. அந்நோயின் காரணம் இன்னும் முற்றாகத் தெளியவில்லை. நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள் யாவும் ஐயத்துக்கு உள்ளாகியுள்ளன. கதிர் கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பை அது தொடாது. அதற்குச் சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும், மக்கள் ‘ஆர்.ஓ.’ என்று சொல்லும் இயந்திரமே வேண்டும். ஊதா கடந்த விளக்கைச் சர்வரோக நிவாரணியாக விற்க வரும் வியாபாரியிடம் முதலில் இதனைக் கேட்கலாம்.

கிருமிக்கு மட்டுமென்றால் கணக்கு எளிது. இருவாயியின் வினைத்திறன் நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபதுக்கு உயர்ந்தால், அதே அளவு நீருக்கு வேண்டிய மின் நான்கிலொன்றாகும். சூரியத் தகட்டின் பரப்பும், சேமிப்பு மின்கலமும் அவ்வாறே சுருங்கும். நாலு தகடு கேட்ட பாடசாலைக் கிணற்றுக்கு ஒரு தகடு போதும்.