குளஸ்டர் கோப்பு முறைமை

குளஸ்டர் கோப்பு முறைமை, பல சர்வர்களின் வட்டுகளைச் சேர்த்து ஒரே கோப்பகமாகக் காட்டும் கட்டற்ற மென்பொருள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி 2005-ல் தொடங்கிய குளஸ்டர் நிறுவனம் இதை உருவாக்கியது. 2011-ல் அந்நிறுவனத்தை ரெட் ஹாட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

இதன் நிரலின் பெரும்பகுதி ‘டிரான்ஸ்லேட்டர்’ என்னும் சிறு பகுதிகளால் ஆனது. தாயில்பட்டி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்க ஓர் அறை, மருந்து செலுத்த ஓர் அறை என்று இருப்பதுபோல, இங்கே நகல் வைக்க ஒன்று, கோப்புகளைப் பங்கிட ஒன்று, பூட்டுப் போட ஒன்று. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிட்டு அடுத்ததிடம் கோரிக்கையைத் தள்ளிவிடும்.

இந்த ஒழுங்கைக் காப்பது கோப்பகப் பாதையே. அமைவுக் கோப்பில் ‘கிளஸ்டர்/ரெப்ளிகேட்’ என்று எழுதினால், கிளஸ்டர் கோப்பகத்தில் ரெப்ளிகேட் என்ற பெயரிலுள்ள நூலகக் கோப்பு இயங்கும்போதே ஏற்றப்படும். அந்தப் பெயரில் இருப்பதோ வெறும் சிம்பாலிக் லிங்க்; அது காட்டுவது ‘ஏஎஃப்ஆர்’ என்ற பழைய பெயருள்ள நூலகத்தை. நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் புதுப்பெயர் கிடைத்துவிட்டது. எளிமையான, அழகான தீர்வு.

திறப்பது, படிப்பது, எழுதுவது, பெயர் மாற்றுவது எனப் பல டஜன் செயல்களுக்கும் ஒவ்வொரு டிரான்ஸ்லேட்டரும் பதில் சொல்ல வேண்டும். தனக்குச் சம்பந்தமில்லாததை அப்படியே கீழே அனுப்ப வேண்டும். இப்படி அனுப்பும் சி மொழிச் செயற்கூறுகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கையால் எழுதினால் பிழை நுழையும். அதனால் செயல்களின் பெயர்களும் உள்ளீடுகளும் ஒரு பைத்தான் பட்டியலில் ஒரே இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. மென்பொருளைக் கட்டும்போது ஒரு சிறு நிரல் அந்தப் பட்டியலை வார்ப்புருவில் பொருத்தி, சி நிரலைத் தானே எழுதித் தருகிறது.

தரவையும் வட்டிலுள்ள வழக்கமான கோப்பு முறைமையின் வசதிகளே தாங்குகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் 128 பிட் அடையாள எண் உண்டு; அது கோப்பின் நீட்டித்த பண்புகளில் பதியப்படும். மறைவான ஒரு கோப்பகத்தில், அந்த எண்ணையே பெயராகக் கொண்ட ஹார்டு லிங்க்கும் இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும் எண் மாறாது. கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பது அதன் பெயரிலிருந்தே கணக்கிடப்படுவதால், அதைச் சொல்லத் தனியாக ஒரு சர்வர் தேவைப்படவில்லை.

ரெட் ஹாட் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-ல் முடித்துக்கொண்டது. மூல நிரல் பொதுவிலேயே இருக்கிறது. நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் அதன் கோப்பக அமைப்பையும் அந்தப் பைத்தான் பட்டியலையும் அவசியம் திறந்து படிக்க வேண்டும்.