மருத்துவத்தின் பயன் குறித்த காந்தியின் ஐயம்: 1909, 1924, 1944

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், 'கில்டோனன் காசில்' கப்பலில் காந்தி குஜராத்தியில் எழுதிய நூல் 'ஹிந்த் ஸ்வராஜ்'. வாசகரும் பத்திராதிபரும் உரையாடும் வடிவிலான அந்நூலின் ஓர் இயல் மருத்துவர்களைப் பற்றியது. நவீன மருத்துவத்தை முற்றாக மறுத்ததற்குச் சான்றாகவே அவ்வியல் பெரும்பாலும் காட்டப்படுகிறது. ஆயினும் மருந்து வேலை செய்யாது என்று காந்தி அதில் வாதிடவில்லை.

அவர் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. ஒருவன் அளவு மீறி உண்கிறான், செரியாமை வருகிறது, மருத்துவர் தரும் மருந்தால் அது நீங்குகிறது, அவன் மீண்டும் மிகையாக உண்கிறான். மருந்து கிடைத்திராவிட்டால் வேதனையே அவனைத் திருத்தியிருக்கும். இங்கே குற்றச்சாட்டு மருந்தின் தோல்வி மீதன்று, வெற்றி மீது. நோய்க்குறி அகல்வதைப் பயன் என்பதா, மனிதன் தன்னை ஆளக் கற்பதைப் பயன் என்பதா என்பதே அவர் எழுப்பும் வினா.

1975இல் இவான் இல்லிச் மருத்துவ அமைப்பின் மீது வைத்த விமர்சனம் இவ்வினாவுக்கு நெருக்கமானது. சிகிச்சையால் உடலுக்கு நேரும் தீங்கோடு அவர் நிற்கவில்லை. வலியையும் முதுமையையும் இறப்பையும் எதிர்கொள்ளும் ஆற்றலையே மருத்துவம் மனிதரிடமிருந்து பறிக்கிறது என்றார். 1978இல் அவர் சேவாகிராமத்திற்கு வந்து காந்தியின் குடிசையைப் பற்றி உரையாற்றியது தற்செயலானதன்று.

எழுத்தில் வலுவாக நின்ற இவ்வாதம், காந்தியின் வாழ்வில் இருமுறை கடுஞ்சோதனைக்கு உள்ளானது.

1924 சனவரியில் எரவாடா சிறையிலிருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி கண்டது. புனே சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் அறுவை சிகிச்சை செய்தார். அதற்கு முன், சீனிவாச சாஸ்திரி எழுதிய ஒப்புதல் கடிதத்தில் காந்தி கையொப்பமிட்டார். சிகிச்சையின் நடுவே மின்விளக்கு அணைந்தது. அரிக்கேன் விளக்கொளியில் அது முடிக்கப்பட்டது. அவர் பிழைத்தார். நோய்கள் நம் கவனக்குறைவாலும் நுகர்ச்சி மிகுதியாலும் வருபவை என்பதே 1909ஆம் ஆண்டு வாதத்தின் அடித்தளம். குடல்வால் அழற்சி அந்த அடித்தளத்திற்குள் அடங்கவில்லை.

1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா இறுதிநிலையில் இருந்தார். அன்று கிடைத்தற்கரிய பெனிசிலின் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்டது. மகன் தேவதாஸ் அதைச் செலுத்திப் பார்க்க விரும்பினார். சில மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்றறிந்த காந்தி உடன்படவில்லை. பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா மறைந்தார். இதயமும் தளர்ந்திருந்த நிலையில் அம்மருந்து அவரைக் காத்திருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. காந்தியின் மறுப்பையும் 1909ஆம் ஆண்டு வாதத்தின் நீட்சியாக மட்டும் கொள்ளலாகாது. இறக்கும் உடலை மேலும் ஒருமுறை துன்புறுத்துவது தகுமா என்ற தயக்கம் அதிலிருந்தது. அத்தயக்கத்தை இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாயிலில் நிற்கும் குடும்பங்களும் அறியும்.

எனினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. 1924இல் ஒப்புதல் அளித்தவர் கத்திக்குக் கீழே படுத்திருந்தவரே. 1944இல் மருந்தை மறுத்தவர் நோயாளி அல்லர். மருத்துவத்தின் பயனை ஐயுறும் தத்துவத்திற்கு உரிய இடம் உண்டு. ஆனால் அந்த ஐயத்தின் விலையை யாருடைய உடல் செலுத்துகிறது என்ற வினாவை அத்தத்துவம் தவிர்க்க முடியாது.