ஜப்பானிய வட்டார மட்கலப் பெயர்களும் அவற்றின் வரலாறும்

டோக்கியோ நகரின் கொமாபா பகுதியில் 1936ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஜப்பானிய மக்கள் கைவினை அருங்காட்சியகத்தில் மட்கலங்களைக் காண்போர் முதலில் உணர்வது எழுத்தின் குறைவையே. சிறு பலகைகளில் கலத்தின் பெயர், ஊர், காலம் ஆகியனவே பெரும்பாலும் குறிக்கப்பட்டுள்ளன. விளக்கத்தைப் படிக்குமுன் பொருளைக் காணவேண்டும் என்பது அதனை நிறுவிய யனாகி சோயெத்சுவின் கருத்து. வனைந்தவர் பெயர் காணப்படாத நிலையில் ஊர்ப்பெயரே வரலாற்றுச் சான்றாக எஞ்சுகிறது. அச்சான்றை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பது இங்கு ஆராயப்படுகிறது.

அருங்காட்சியகத்தின் பெயரிலுள்ள ‘மிங்கெய்’ என்னும் சொல்லை 1925இல் யனாகியும், மட்கலக் கலைஞர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரும் ஆக்கினர். ‘மின்ஷூதெகி கோகெய்’ என்னும் தொடரின் சுருக்கம் அது. முற்கூறு பொதுமக்களையும் பிற்கூறு கைவினையையும் சுட்டும். இதனை ‘நாட்டுப்புறக் கலை’ எனப் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத சிற்றூர்ப் பொருள் வந்து சேர்கிறது. ‘மக்கள் கைவினை’ என்பதே பொருந்தும்.

கலங்களின் பெயர்களில் ஊர்ப்பெயரை அடுத்து ‘யாகி’ வருகிறது. ‘சுடு’ எனப் பொருள்படும் ‘யாகு’ என்னும் வினையினின்று பிறந்த பெயர் இது. எனினும் முன்னிற்கும் ஊர் எப்போதும் சூளை இருந்த ஊர் அன்று. ‘ஒந்தா யாகி’ கியூஷு தீவின் ஒந்தாவில் 1705 முதல் செய்யப்படுவது. ஓடைநீரால் இயங்கும் உலக்கைகள் அங்கு இன்றும் மண்ணை இடிக்கின்றன. ‘இமாரி’ எனப் பெயர்பெற்ற பழைய பீங்கானோ பெரும்பாலும் அரிதா வட்டாரத்தில் செய்யப்பட்டது. இமாரி அது கப்பலேறிய துறைமுகம். ‘செத்தோமொனோ’, அதாவது செத்தோ ஊர்ப் பொருள், கிழக்கு ஜப்பானில் சுட்ட கலங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. மேற்கில் அவ்விடத்தைக் ‘கரத்சுமொனோ’ பெற்றது. ஆக, ஊர்ப்பெயர் ஓரிடத்தில் பிறப்பிடத்தையும், ஓரிடத்தில் வணிக வழியையும் காட்டுகிறது. பிறிதோரிடத்தில் ஊர்ப்பொருளையே இழக்கிறது.

ஊர்ப்பெயர் மறைப்பதும் உண்டு. ஹிதெயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாவின்மீது தொடுத்த போர்களின்போது கொரியக் குயவர் பலர் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஹாகி, சத்சுமா, தக்கதோரி முதலிய சூளைகள் அவர்களால் தோன்றியவை. ஆயினும் கலங்கள் ஜப்பானிய இடப்பெயர்களையே ஏற்றன. சத்சுமாவின் நயெஷிரோகவாவில் அவர்தம் வழியினர் வனைந்த கருநிறக் கலங்களை யனாகி பெரிதும் போற்றினார். பெயரறியாக் கைவினைஞரின் எளிமையை அவர் கண்ட இடத்தில், ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்டோரின் வரலாறும் அடங்கியிருந்தது.

எனவே ஒந்தா, அரிதா, செத்தோ ஆகிய அனைத்தையும் ‘பீங்கான்’ என ஒரே சொல்லால் பெயர்த்தல் பிழையாகும். ஒந்தாக் கலம் பீங்கான் அன்று. சூளைப்பெயரை ஒலிபெயர்த்து நிறுத்துதல், பழைய ‘இமாரி’க்குத் துறைமுகக் குறிப்புத் தருதல், பொதுப்பொருளில் வரும் ‘செத்தோமொனோ’வைச் ‘சுட்ட கலம்’ என்றல் ஆகியன ஏற்புடையன. பலகை சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பிலேனும் சொல்லுதல் கடனாகும்.